பியானோவும் எங்கள் தாளக் கணக்கும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வெளிநாடுகளில் வளரும் எங்கள் பிள்ளைகளில் அநேகர் காலையில் மிருதங்க வகுப்புக்கும் மாலையில் பியானோ வகுப்புக்கும் ஓடுகிறார்கள். "இரண்டில் ஒன்றை விட்டால் என்ன, ரீச்சர்?" என்று கேட்கும் தாய்மார் பலர். பெரும்பாலும் விடுபடுவது மிருதங்கம்தான். அவர்களுக்காகவே இந்தச் சில வார்த்தைகள்.

மேலைத்தேய இசை நெடுங்காலமாகப் பெரும்பாலும் இரண்டும் மூன்றுமாகவே தாளத்தைப் பகுத்தது. இருபதாம் நூற்றாண்டில் அது போதாமற் போயிற்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் (1908–1992) சார்ங்கதேவரின் 13ஆம் நூற்றாண்டு நூலான 'சங்கீத ரத்னாகரம்' கூறும் 120 தேசி தாளங்களின் பட்டியலை ஒரு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்திற் கண்டார். அளவுகளைக் கூட்டிக் கூட்டித் தாளம் கட்டும் முறை அவரை ஆட்கொண்டது.

1941 சனவரி 15இல், ஜேர்மனியின் கேர்லிட்ஸ் போர்க்கைதிகள் முகாமில், கைதியாயிருந்த மெசியான் சக கைதிகள் மூவருடன் தமது 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'யை அரங்கேற்றினார். பியானோ வாசித்தவர் அவரே. அதன் முதற்பகுதியில் இராகவர்த்தனம், சந்திரகலா, லட்சுமீசம் ஆகிய மூன்று தேசி தாளங்களை இணைத்து, 17 அளவுகள் கொண்ட ஒரு சுற்றைப் பியானோவுக்கு வைத்தார். அதன்மேல் 29 சுரக்கூட்டுகள் கொண்ட இன்னொரு சுற்று ஓடும். இரண்டும் மீண்டும் ஒன்றாகத் தொடங்க 493 சுரக்கூட்டுகள் செல்லவேண்டும். அதற்கு முன்பே இசை முடிந்துவிடுகிறது.

நகுலேஸ்வரத் திருவிழாக்களில் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமல்ல. ஆதிதாளத்தின் எட்டு அட்சரத்தின்மேல் ஐந்தைந்தாகவும் ஏழேழாகவும் சொற்களைக் கோத்து, சமத்திற்கு வந்து சேர்வதுதானே தவிற்காரரின் வித்தை! தவில் மேதை தெட்சணாமூர்த்தி வாழ்ந்த அளவெட்டி இங்கிருந்து எவ்வளவு தூரம்? எங்கள் வித்துவான்கள் இரண்டு கணக்கையும் சேர்த்து வைப்பார்கள். மெசியான் சேரவிடாமலே நிறுத்திவிட்டார். சேரும் இன்பத்தை அறிந்த காதுக்கே சேராமையின் ஏக்கமும் விளங்கும்.

பிள்ளைகளுக்கு இதனாற் கைகண்ட பயனும் உண்டு. ஹங்கேரி நாட்டு பேலா பார்ட்டோக்கின் 'மைக்ரோகொஸ்மோஸ்' தொகுதியில் 153 பியானோ உருப்படிகள் இருக்கின்றன. கடைசி ஆறும் பல்கேரிய நடனத் தாளங்களில் அமைந்தவை. 149ஆவது இரண்டு, இரண்டு, மூன்று என ஏழாக நடக்கும். "ஒன்று, இரண்டு" என்று ஏழுவரை எண்ணித் தடுமாறும் பிள்ளையைக் கையாலே தாளம் போட்டு, "தகதிமி தகிட" என்று சொல்லச் சொல்லுங்கள். அது வாயிற் படிந்தபிறகு விரல் கட்டைக்குப் போகட்டும். 150ஆவது இரண்டும் மூன்றுமாக ஐந்து. எங்கள் கண்டசாபு தெரிந்த பிள்ளைக்கு அது பழகிய பாதை.

சகோதரிகளே, 1990இல் இந்த ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது வீணையையும் ஆர்மோனியத்தையும் எத்தனை பேரால் தூக்கிச் செல்ல முடிந்தது? தாளக் கணக்கு மட்டும் கையோடு வந்தது, அது விரல்களிலேயே இருந்தபடியால். அதைப் பிள்ளைகளின் கைக்கு மாற்றிவிடுங்கள். பியானோவுக்கும் அந்தக் கைதானே வேண்டும்.