மோவாயைத் தாழ்த்து, கண்ணைத் தாழ்த்தாதே

(நெய்வேலி நகரியத்தில் இளைஞர்கள், மாணவர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஷிப்டு முடிஞ்சு குளிக்காமக்கூட நேரா வந்து உக்காந்திருக்கிறவங்க இருக்கீங்க. அதனால நீட்டமாட்டேன். குத்துச்சண்டை கத்துக்கணும்னு புதுசா வர்றவனுக்கு முதல் மூணு மாசம் என்ன நடக்குது, அது ஏன் அப்படி நடக்கணும், இதுதான் என் பேச்சு.

புதுசா வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது, "எதுக்கு வந்தே?" உடம்பு ஏத்தணும்பான் ஒருத்தன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை கிடைக்குமாம்பான் இன்னொருத்தன். 2021இல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபிறகு படம் பார்த்துட்டு வந்தவங்க நிறைய. மந்தாரக்குப்பம் பக்கத்திலேர்ந்து வந்த ஒரு பையன் மட்டும், "ஒருத்தன அடிக்கணும்ணா" என்றான். ஐ.டி.ஐ. முடித்தவன். அப்ரண்டிஸ் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தான். ஊர்த்தெரு வழியாக பைக்கில் வந்தவனை நிறுத்தி, "எறங்கித் தள்ளிக்கினு போடா" என்றிருக்கிறார்கள். யாரும் அடிக்கவில்லை. தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். அந்த அம்பதடி தூரத்தை இன்னும் தள்ளிக்கிட்டே இருந்தான் அவன்.

அவனுக்கு நான் முகமது அலியைப் பற்றிச் சொன்னேன். 1954, அமெரிக்காவில் லூயிவில் நகரம். கேசியஸ் கிளே என்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவனுடைய புது சைக்கிள் திருடுபோகிறது. புகார் சொல்லப் போலீசைத் தேடுகிறான். ஜோ மார்ட்டின் என்ற வெள்ளைக்காரப் போலீஸ்காரர் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் பசங்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். திருடனைக் கண்டா உதைப்பேன் என்கிறான் பையன். அதுக்கு முன்னாடி சண்டைபோடக் கத்துக்கோ என்கிறார் அவர். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். 1964இல் உலக ஹெவிவெயிட் சாம்பியன். 1967இல் வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று மறுத்ததற்காகப் பட்டத்தைப் பிடுங்கினார்கள். மூணு வருஷத்துக்கு மேல் மேடையேற முடியவில்லை. 1980இல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சி ஆட்டம் ஆடினார். அன்றைக்குப் பார்த்தவர்கள் இன்றைக்கும் வடசென்னையில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"சைக்கிளு கெடச்சுதாண்ணா?" என்று கேட்டான் பையன். கிடைக்கவே இல்லை.

சரி, பயிற்சிக்கு வருவோம். முதல் வாரம் அடியே கிடையாது. நிக்கிறதுதான் பாடம். இடதுகால் முன்னே, வலதுகால் பின்னே, தோள் அகலத்துக்கு இடைவெளி. பின்குதிகால் லேசாத் தூக்கியிருக்கணும், முட்டி இளகியிருக்கணும். இடதுகைப் பழக்கம் உள்ளவனுக்கு எல்லாம் மாறி வரும். கை ரெண்டும் கன்னத்துக்கிட்ட. மோவாய் நெஞ்சை நோக்கித் தாழணும். ஏன்னா மோவாயில விழற குத்து தலையைச் சட்டுனு திருப்புது, உள்ளே மூளை குலுங்குது. ஆளைச் சாய்ப்பது அந்தக் குலுக்கல்தான். ஆனா மோவாய் தாழ்ந்தாலும் கண்ணு தாழக்கூடாது. எதிராளி மேலேயே இருக்கணும்.

இங்கேதான் நம்ம ஆளுங்க திணறுவாங்க. நானும் திணறினேன். இருபத்திரண்டு வயசுல வடசென்னையில லாரியில லோடு ஏத்திக்கிட்டு, சாயந்தரம் ஒரு வாத்தியார்கிட்ட போனேன். மூட்டை தூக்கின உடம்பு, பலத்துக்குக் குறைச்சல் இல்லை. மோவாயைத் தாழ்த்துன்னா கண்ணும் கூடவே தாழ்ந்துடும். "தரையில என்னடா தேடறே, காச வுட்டுட்டியா?" என்பார் வாத்தியார். சுத்தி நின்னவங்க சிரிப்பாங்க. எங்கப்பா பண்ணையாளாக இருந்தவர். ஆண்டைகிட்ட பேசும்போது மண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்தே படிந்துவிட்டது. அதை உடம்பிலிருந்து எடுக்க எனக்கு இரண்டு மாசம் ஆச்சு. ஜாப் குத்து கத்துக்க ரெண்டு வாரம்தான்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டத்தை எடுத்துத் தன்னுடையதாக்கியவர்கள் வடசென்னையின் துறைமுகத் தொழிலாளிகள், மீனவர்கள், சேரி மக்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரைகள். பரம்பரை என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் கசக்கும், பிறப்பை வைத்துத்தான் நம்மை மிதிக்கிறார்கள். ஆனால் அங்கே யாரிடம் கற்றாய் என்பதுதான் பரம்பரை. அந்தக் கூடாரத்து ஆட்டங்கள் ஓய்ந்த பிறகும் ஆட்டக்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சென்னையின் தேவராஜன் 1994 உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார், 1995க்கான அர்ஜுனா விருது பெற்றார்.

தங்கச்சிகளுக்கு ஒரு வார்த்தை. ஒலிம்பிக்கில் ஆண்கள் குத்துச்சண்டை 1904இலேயே வந்துவிட்டது. பெண்களை 2012இல்தான் சேர்த்தார்கள். அந்த வருஷமே மணிப்பூரின் மேரி கோம் வெண்கலம் வாங்கினார். "பொம்பளப் புள்ள மூக்கு ஒடஞ்சா யாரு கட்டுவா" என்று கேட்கிற அப்பாக்கள் நம்ம தெருவிலும் இருக்கிறார்கள். மேடையில் ஜெய்பீம் சொல்கிற அப்பாக்கள்தான்.

ரெண்டாவது மாசம் ஸ்கிப்பிங், விடிகாலை ஓட்டம், மணல் மூட்டை. ஜாப், பிறகு வலதுகை நேர்க்குத்து. குத்தின கை குத்தின வழியிலேயே கன்னத்துக்குத் திரும்பணும். மூணு நிமிஷம் ஒரு ரவுண்டு, ஒரு நிமிஷம் ஓய்வு. மூணு நிமிஷம் எவ்வளவு நீளம்னு கையைத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். எதிரில் ஆளை நிறுத்தி ஆடறது மூணு மாசம் கழிச்சுத்தான், அதுவும் தலைக்கவசம், பல்கவசம், கனத்த கிளவுஸ் போட்டு. தலையில அடிபட்டு கிறுகிறுப்பு, வாந்தி, மறதி எது வந்தாலும் ஆட்டம் நிறுத்தம், டாக்டர். "ஒண்ணுமில்லண்ணா" என்று சொல்கிறவனைத்தான் நான் முதலில் இறக்குவேன். ரோஷம் வந்தவன் கையை அகல வீசுவான், முகம் திறந்துகொள்ளும். எதிராளிக்கு அது போதும்.

சில தோழர்கள், இந்தப் பசங்களை வச்சு ஒரு படை கட்டலாமே என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பதினாறு பையன்கள் கிளவுஸ் போட்டால் ஊர் மாறிவிடாது. ஊர்த்தெருவில் நம்ம பையன் ஒரு குத்து விட்டால் எஃப்.ஐ.ஆர். அவன் பேரில் விழும். அப்புறம் எந்தக் கம்பெனி அப்ரண்டிஸ் எடுக்கும்? ராத்திரி சேரியில் தீ வைத்தால் எந்தக் கிளவுஸ் அணைக்கும்?

அந்தப் பையன் மூணாவது வாரம் நின்றுவிட்டான். ஸ்கிப்பிங்குக்கா வந்தேன் என்று கோபம். பத்து நாள் கழித்து வந்து வாசலில் நின்றான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தத்தை அவனை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டவிடாமல் தடுப்பது குற்றம் என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. இரண்டு தடவை படித்தான். "பைக்குன்னே போட்டிருக்காண்ணா" என்றான்.

புகார் கொடுத்தான். டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது விதி. விசாரணைக்கு நானும் கூடப் போனேன். எதிர்த்தரப்பு ஆட்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பையன் நின்றான். இடதுகால் கொஞ்சம் முன்னே, முட்டி இளகி, மோவாய் தாழ்ந்து. கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த ஆட்களைப் பார்த்தே பதில் சொன்னான். குரல் நடுங்கியது, கண் நகரவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கும் போகிறான், பயிற்சிக்கும் வருகிறான். வலதுகை இன்னும் தாழ்ந்துதான் வருது, திட்டிக்கிட்டு இருக்கேன்.

நாளைக்கு வர்றவங்க காலையில அஞ்சரைக்கு வந்துடுங்க. வெறும் வயித்துல வேணாம், ரெண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டு வாங்க. கிளவுஸ் எங்ககிட்ட இருக்கிறதை மாத்தி மாத்திப் போட்டுக்கலாம். கைக்குச் சுத்தற துணிதான் ஆளுக்கு ஒரு ஜோடி வேணும். கடையில வாங்கணும்னு இல்லை, அம்மாவோட பழைய காட்டன் புடவையை ரெண்டு விரக்கடை அகலத்துல நீளவாட்டுல கிழிச்சா ஒரு கைக்கு நாலரை மீட்டர் வரும். கேட்டுட்டுக் கிழிங்க.