பெண்களும் வீதிச் சைக்கிளோட்டமும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வலைப்பந்தாட்டம் பற்றிப் பேச என்னிலும் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் வீதியில் நடக்கும் சைக்கிளோட்டப் போட்டியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டுகளில் ஆண்பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிச் சைக்கிளோட்டம் வைப்பார்கள். நமக்குப் பெரும்பாலும் மெதுவாகச் சைக்கிள் ஓடும் போட்டிதான். கடைசியாக வருபவருக்குப் பரிசு! நமக்குக் கிடைத்த ஒரு சைக்கிள் போட்டியிலும் மெதுவாகப் போகச் சொல்லிவிட்டார்களே என்று பலமுறை சிரித்திருக்கிறேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு வீதிச் சைக்கிளோட்டம் இருந்தது. பெண்களுக்கு அது வந்தது 1984இல், லொஸ் ஏஞ்சலிஸில். இடையில் 88 வருடங்கள். ஆனால் அதுவரை பெண்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. 1924இல் இத்தாலியைச் சுற்றி ஓடும் ஜீரோ போட்டியில் அல்ஃபொன்சினா ஸ்ட்ராடா என்ற பெண் ஆண்களோடு ஓடினார். வழியில் சைக்கிளின் கைபிடி உடைந்தபோது தும்புத்தடிக் கம்பை வைத்துக் கட்டிக்கொண்டு ஓடினார் என்று சொல்வார்கள். நேர எல்லையைத் தாண்டியதால் பட்டியலில் இடமில்லை என்றார்கள். இடமில்லாமலே மிலான் வரை ஓடி முடித்தார்.

மாணவிகளுக்கு நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அன்னா கீசன்ஹோஃபரைப் பற்றி. ஒஸ்திரியா நாட்டவர். கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். தொழில்முறை அணி எதிலும் அப்போது அவருக்கு ஒப்பந்தம் இல்லை. பயிற்சியையும் தானே கணக்குப் போட்டு வகுத்தார். ரோக்கியோவின் வெயிலுக்கு உடம்பைப் பழக்கியதும் அந்தக் கணக்கில் அடங்கும். வெயிலில் பழகுவது பற்றித் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2021 யூலை 25இல் 137 கிலோமீற்றர் ஓட்டம். தொடங்கியவுடனேயே அவரும் வேறு நால்வரும் கூட்டத்தை விட்டு முன்னே பாய்ந்தார்கள். நெதர்லாந்து அணியில் நால்வர். அவர்களில் மூவர் உலகச் சம்பியன் பட்டம் வென்றவர்கள். முன்னால் போனவர்களை அவர்கள் பெரிதாக எண்ணவில்லை. இடைவெளி ஒரு கட்டத்தில் பத்து நிமிடத்தையும் தாண்டியது. கடைசி நாற்பது கிலோமீற்றரளவு அன்னா தனியே ஓடினார். ஓட்டுநர்களின் காதில் வானொலிக் கருவி வைக்க அங்கே அனுமதி இல்லை. அதனால் இரண்டாவதாக வந்த அன்னமீக் வான் ஃப்லூட்டன், தான்தான் முதல் என்று நினைத்துக் கைகளை உயர்த்தினார். அன்னா எல்லையைத் தாண்டி அப்போது ஒரு நிமிடமும் பதினைந்து விநாடியும் ஆகியிருந்தன!

தனியே ஓடுவது ஏன் பெரிய காரியம்? முன்னால் போகிறவரின் பின்சில்லுக்கு அருகே ஒட்டி ஓடினால் காற்றின் தடை குறையும். உழைப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மிச்சம். ஆகவே வீதிப் போட்டி வெறும் கால்பலம் அல்ல. யார் காற்றை வாங்குவது, யார் மறைவில் இருப்பது, எப்போது வெளியே பாய்வது என்ற கணக்கு அது. கப்பல்துறையிலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு இது தெரியும், பெயர்தான் தெரியாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கண்டி வீதியில் கந்தளாய்ப் பக்கம் போனால் காற்று முகத்தில் அறையும். மூன்று பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் போய், முன்னால் போகிறவரை மாற்றிக்கொள்வார்கள். உலகச் சம்பியன்கள் செய்வதும் அதைத்தான்.

ஆனால் சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் அந்தச் சைக்கிள் தம்பிக்குப் போய்விடுகிறது. பிறகு பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள், அல்லது யாராவது ஏற்றிக்கொண்டு போகும்வரை வகுப்புக்குப் போகாமல் இருக்கிறாள். தாய்மாரின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த வீதியில் ஓடும் லொறிகளை நானும் அறிவேன்.

அதனால் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டு ஆண்டில் மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்கும் ஒரு வீதிச் சைக்கிளோட்டம் நடத்துவோம். ஞாயிறு அதிகாலை, வெயில் ஏறுமுன், கப்பல்துறையில் தொடங்கிக் கல்லூரி வாசலில் முடியட்டும். பொலிசாரின் அனுமதியும், முதலுதவி வண்டியும், ஒவ்வொரு தலைக்கும் தலைக்கவசமும் இல்லாமல் ஒருவரையும் ஓட விடக்கூடாது. பந்தயச் சைக்கிள் தேவையில்லை. வீட்டிலிருக்கும் லுமாலா போதும். பிறேக் கட்டையும் ரயரும் முதல் நாளே பார்க்கப்பட வேண்டும். வழியில் தண்ணீரும் தேசிக்காய்க் கரைசலும் வைக்கும் பொறுப்பை எங்கள் வகுப்புத் தோழிகள் ஏற்றிருக்கிறார்கள்.

பெயர் கொடுக்க விரும்பும் மாணவிகள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் இதுவரை என் பெயர் மட்டுமே இருக்கிறது.