புகைக்கும் கணக்குண்டு

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணங் கற்பிக்கும் யான் புகையையும் கணக்கையும் பற்றிப் பேசப் புகுந்தது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். காரணம் இதுவாம். முன்னர் என்பாற் பயின்று, இப்பொழுது ஒரு நூற்பாலையிற் கணக்கெழுதும் மாணவன் ஒருவன் சென்ற திங்கள் என்னிடம் வந்தான். "ஐயா, எங்கள் நூலை வாங்கும் கம்பெனியார் எங்கள் ஆலை வெளியிடும் வாயுவுக்குக் கணக்குக் கேட்கின்றனர். இத்தாளிலுள்ள சொற்களுக்குத் தமிழிற் பொருள் சொல்லுங்கள்" என்றான். பொருளறியாது சொல் கூறுதல் எங்ஙனம்? ஆகவே, ஆசிரியனாகிய யான் மாணவனிடமே பாடங் கேட்டேன். பின்னர் நூல்களிலும் தேடினேன். கற்றதனை உங்கள்முன் வைக்கின்றேன். குற்றமிருப்பிற் பொறுத்தருள்க.

ஞாயிற்றால் வெம்மையுற்ற நிலம் அவ்வெம்மையை மீண்டும் வானிற்கு விடுகின்றது. சில வாயுக்கள் அதனை முழுதும் வெளியேறவிடாது தடுத்து வைக்கின்றன. இவற்றையே பசுமை இல்ல வாயுக்கள் என்பர். கணக்கிற் சேர்ப்பன ஏழு வகை. அவற்றுட் பெரும்பகுதி கரியமில வாயுவே. ஏனையவை அளவிற் சிறியன, ஆற்றலிற் பெரியன. நூறாண்டுக் கணக்கிற் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பாம். ஆதலின் எல்லாவற்றையும் கரியமில வாயுவின் எடையாக மாற்றியே கூட்டுகின்றனர். பல நாட்டு நாணயங்களை ரூபாயாக்கிக் கூட்டுதல் போல்வது இது.

இனி, புகையை நிறுப்பது எவ்வாறு? புகைபோக்கியின் வாயிற் கருவி வைத்து அளத்தலும் உண்டு. எனினும் பெரும்பாலோர் அளப்பது ரசீதுகளைக் கொண்டேயாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு உண்டாகும். ஒரு கிலோவுக்கும் குறைந்த எண்ணெயில் இத்துணை எடை எங்ஙனம் வந்ததெனின், எண்ணெயிலுள்ள கரி 12 பங்கு, காற்றிலுள்ள பிராணவாயு 32 பங்குடன் கூடி 44 பங்காகின்றது. மிகுந்த எடை காற்றினின்றும் வந்தது என்க. எனவே எத்துணை லிட்டர் வாங்கினோம் என்னும் ரசீது இருந்தாற் போதும். புகையின் எடை பெருக்கலால் வந்துவிடும்.

இக்கணக்கிற்குரிய நெறிகளை உலக வளங்கள் நிறுவனமும், நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிகக் கழகமும் கூடி 2001-இல் வெளியிட்டு, 2004-இல் திருத்தின. இந்நெறி கணக்கை மூன்று வட்டங்களாகப் பகுக்கின்றது. நம் சங்கத் திருமண மண்டபத்தையே உதாரணமாகக் கொண்டு அவற்றை விளக்குவேன்.

நாமே எரிப்பது முதல் வட்டம். ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலும் சமையற்கட்டின் எரிவாயுவும் இதில் அடங்கும். விலைகொடுத்து வாங்கும் மின்சாரம் இரண்டாம் வட்டம். புகை எழுவது மின் நிலையத்தில். அதற்குக் காரணம் நம் விளக்கும் விசிறியும். இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சராசரி ஏறத்தாழ 0.7 கிலோ வருகின்றது. மத்திய மின்சார ஆணையம் இதனை ஆண்டுதோறும் கணித்து வெளியிடுகின்றது. மற்றெல்லாம் மூன்றாம் வட்டம். விருந்தினர் வரும் வண்டி, அரிசி, பருப்பு, வாழையிலை, குப்பை ஆகிய யாவும் இதன்பாற்படும். இதற்கு 2011-இல் தனி நெறி வகுத்து, 15 பிரிவுகளாக்கினர்.

ஈண்டு மறைந்து நிற்கும் ஒன்றையும் கூறவேண்டும். ஏ.சி. இயந்திரங்களுட் பலவற்றில் உள்ள ஆர்-410ஏ என்னும் வாயு ஒரு கிலோ கசிந்தால், ஏறத்தாழ 2,000 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பாம். எழுநூறு லிட்டருக்கு மேற்பட்ட டீசலை எரித்ததற்கு இஃது ஈடு! இதற்குப் புகையுமில்லை, நாற்றமுமில்லை. பழுதுபார்ப்போர் மீண்டும் எவ்வளவு நிரப்பினர் என்னும் சீட்டே சான்று. அச்சீட்டைக் கிழித்தெறிந்தால் கணக்கில் அக்கசிவு இல்லையாகிவிடும்.

நிற்க. என் கருத்தின் உயிர்நிலை இதுவேயாம். மண்டபச் சமையலை அடுத்த ஆண்டு முதற் குத்தகைக்கு விடலாம் எனக் காரியக் கமிட்டியிற் பேச்சு நிகழ்ந்தது. அப்பொழுது அன்பர் ஒருவர், "இனி அடுப்புப் புகை நம் கணக்கில் வாராது" என்று மகிழ்ந்தார். அவர் கூறியது முதல் வட்டத்தளவில் மெய்யே. ஆனால் அடுப்பு அணைந்ததோ? அதே இடத்தில் அதே எரிவாயு எரிகின்றது. ஏடு மட்டுமே மாறிற்று. சொந்த லாரிகளை விற்றுவிட்டு வாடகை லாரியில் நூலேற்றும் ஆலையும் இவ்வாறே புகையைக் குறைத்ததாகக் கூறிக்கொள்ளலாம். மூன்றாம் வட்டத்தை எழுதாது விடுதல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகும். 2004-ஆம் ஆண்டு நெறியில் முதலிரண்டு வட்டங்களே கட்டாயம்; மூன்றாவது விருப்பத்தைப் பொறுத்தது. ஆதலின், பிறர் அறிக்கையைப் படிக்குங்கால், "எந்த எல்லைவரை எண்ணினீர்? எந்த ஆண்டோடு ஒப்பிட்டீர்?" என்னும் இரு வினாக்களையும் முதற்கண் கேட்டல் வேண்டும்.

இது நமக்கென்ன என்று இருத்தலாகாது. இந்தியப் பங்குப் பரிவர்த்தனை வாரியமாகிய செபி 2021-இல் இட்ட ஆணைப்படி, பங்குச்சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதற்கொண்டு இத்தகைய அறிக்கை தரக் கடமைப்பட்டன. நம்மவருட் பலர் பெரிய கம்பெனிகளுக்கு நூல் நூற்றும், சாயமிட்டும், தைத்தும் கொடுப்போர். நம் முதல் வட்டம் அவர்களுடைய மூன்றாம் வட்டமாகும். அவர்கள் கேட்குங்கால் மெய்க்கணக்கு நம்மிடம் இல்லையேல், தொழில்தோறும் வகுத்த பொதுச் சராசரியை நம் தலையிற் சுமத்துவர். விறகையும் டீசலையும் சிக்கனமாகச் செலவிட்டவனுக்கும், வீணாக்கியவனுக்கும் அங்கே வேறுபாடிராது. பொய்க்கணக்குக் கொடுப்பின், சரிபார்ப்போர் ரசீது கேட்கும் நாளில் வாணிபமும் போம், பெயரும் போம்.

ஆகவே ஒரு விண்ணப்பம். நம் மண்டபத்தின் சென்ற ஓராண்டு டீசல் ரசீது, எரிவாயு ரசீது, மின்கட்டணச் சீட்டு, குளிர்சாதனப் பழுதுச் சீட்டு ஆகியவற்றை ஒரு கோப்பிற் சேர்ப்போம். நம் பள்ளி மாணவரே பெருக்கிக் கூட்டட்டும். சமையற் குத்தகைதாரரிடமும் அவர் எரிக்கும் எரிவாயுவின் அளவைக் கேட்டு வாங்கி, மூன்றாம் வட்டமெனத் தனியே எழுதுவோம். வரும் தொகை பெரிதாயினும் நாணவேண்டுவதில்லை. அடுத்த ஆண்டு குறைப்பதற்கு இஃதே அடிப்படையாகும். நம் வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் இவ்வெளியீட்டில் அச்சிடுகின்றோம். அதனருகே இக்கணக்கும் அச்சேறுமாயின், தொழில் நடத்தும் நம் இளைஞர்க்கு அதுவே பாடமாகும்.