ஓடுகையில் ஓயும் எஞ்சின்



வைத்தியர் வரும்போது ஒளிந்துகொண்டு, அவர் படியிறங்கியதும் தலைகாட்டும் நோயே நோய்களுள் பொல்லாதது. மோட்டார் வண்டிக்கும் அத்தகைய நோயொன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் சொல்லாமற் கொள்ளாமல் நின்றுவிடும். சற்றுப் பொறுத்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடவாததுபோல மீண்டும் ஓடும். கராஜுக்குக் கொண்டுபோனாலோ, அங்கே அது நிற்கவே நிற்காது. இந்நோயைக் கண்டறியும் முறையை, என் நண்பரொருவர் பட்ட பாட்டைக் கொண்டு இன்று விளக்க எண்ணுகிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில் அவர் வசிக்கிறார். தந்தையார் விட்டுச்சென்ற எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் உண்டு. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1955ஆம் ஆண்டு முதல் 1962ஆம் ஆண்டு வரை ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்ட வகை அது. இலங்கையிலே 1934ஆம் ஆண்டில் நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி ஆரம்பித்த காலந்தொட்டே இத்தகைய வண்டிகளிற் பித்துக்கொண்டோர் இருந்துவருகின்றனர். நண்பரின் தந்தையாரும் அவர்களுள் ஒருவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரனை அருகில் இருத்திக்கொண்டு, கொட்டாஞ்சேனையிலுள்ள உறவினர் வீட்டுக்கு அவர் புறப்பட்டார். பம்பலப்பிட்டியில் சந்தியொன்றை நெருங்கும்போது எஞ்சின் ஓய்ந்தது. பின்னால் வந்த பஸ் ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது. பிள்ளை அழவில்லை, பாட்டனாருடைய கைதான் நடுங்கியது. அன்று மாலையே, வண்டியை விற்றுவிட வேண்டும் என்று வீட்டார் கூறிவிட்டனர்.

அதற்கு முன்னரும் வண்டி பலமுறை நின்றிருந்தது. கொட்டாஞ்சேனையிற் சிறு கராஜ் வைத்திருக்கும் இளைஞர் ஒருவர்தான் அதனைப் பார்த்துவந்தார். முதலிற் கொண்டென்சரை மாற்றினார். பதினொரு நாள் ஓடியது. பின்பு பஞ்சிகாவத்தையிற் தேடிக் கொயில் ஒன்று வாங்கிப் பூட்டினார். மூன்று வாரம் ஓடியது. அதன்பின் பெற்றோல் பம்பைக் கழற்றித் திருத்தினார். நான்கு நாள் ஓடியது. ஒவ்வொரு முறையும் "இனிமேல் நிற்காது, ஐயா" என்றார். "அவன் என்னை ஏமாற்றுகிறான்" என்று நண்பர் என்னிடம் வந்து பொரிந்து தள்ளினார். தொழிற்கல்வி ஆசிரியனாயிருந்த பழக்கத்தால், "பத்து நாளைக்கு ஒன்றையும் மாற்றவேண்டாம், குறிப்புப் புத்தகம் ஒன்று மாத்திரம் வாங்குங்கள்" என்றேன்.

நேயர்களே, எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை பெற்றோல், காற்று, தக்க தருணத்தில் மின்பொறி என்பனவே. ஆகையால், நின்றுபோன வண்டியிடம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "உனக்கு இல்லாமற் போனது பெற்றோலா, பொறியா?" என்பதே. அது நிற்கும் விதமே பாதி விடையைச் சொல்லும். பெற்றோல் குறைந்தால் எஞ்சின் இருமும், விக்கும், தளர்ந்து தளர்ந்து ஓயும். பொறி அற்றால், விளக்கை அணைத்தாற்போல ஒரே கணத்தில் ஓயும்.

பெற்றோற் பக்கத்தில் ஐயத்துக்குரியவை சில உண்டு. தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால், பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் வரமாட்டாது. நின்றவுடன் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உட்புகும் ஒலி கேட்கும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டிற் பல வண்டிகள் நெடுநாள் நின்றனவல்லவா? அவ்வாறு நின்ற வண்டிகளின் தாங்கியிற் துருவும் கசடும் சேர்ந்து குழாயை அடைப்பதுண்டு. எம்.ஜி.ஏ. வண்டியின் மின்சாரப் பம்போ தன் நிலையைத் தானே சொல்லும். சாவியைத் திருப்பியதும் அது டிக் டிக் என்று ஒலித்து, காபரேற்றர்கள் நிரம்பியதும் அடங்கவேண்டும். ஓயாமல் ஒலித்தால் பெற்றோல் தீர்ந்திருக்கலாம், அல்லது குழாயிற் காற்றுப் புகலாம். காபரேற்றர் வெறுமையாயிருந்தும் ஒலியே இல்லாவிடில் பம்பிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ பழுது.

பொறிப் பக்கத்தில், கொண்டென்சரும் கொயிலும் சூடேறியபின் செயலிழந்து, ஆறியபின் உயிர்பெறும் இயல்பின. இளைஞர் அவற்றை முதலில் மாற்றியது அறியாமையன்று.

நண்பரின் குறிப்புப் புத்தகத்தில் நான்கு நிறுத்தங்கள் பதிவாயின. இரண்டு, எஞ்சின் நன்கு சூடேறுமுன் காலைக் குளிரில் நிகழ்ந்தவை. ஆகவே சூடு காரணமன்று. தாங்கி ஒருமுறை நிறைந்திருந்தது, ஒருமுறை பாதி. நின்றபின் பம்பு சிறிது ஒலித்து முறைப்படி அடங்கியது. எஞ்சின் இருமவில்லை; திடீரெனவே ஓய்ந்தது. இவற்றினும் முக்கியமானது இது: நான்கு தடவையும் சந்தியை நெருங்கி, மிதியிலிருந்து காலை எடுத்த கணத்திலேயே அது நின்றது.

அந்தக் கணத்தில் எஞ்சினுள் என்ன அசைகிறது? பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூற்றருக்குள் சிறு தகடொன்று உண்டு. அதன்மேல் இருக்கும் தொடுமுனைகள், எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது, விநாடிக்கு 100 முறை திறந்து மூடுகின்றன. காபரேற்றரிலிருந்து வரும் மெல்லிய குழாயின் உறிஞ்சுவிசை அத்தகட்டைச் சிறிது திருப்பும். காலை எடுத்தால் வில் அதனைப் பின்னுக்கு இழுக்கும். தகட்டோடு கூடவே ஒரு விரல் நீளமும் இல்லாத கம்பியொன்று வளைந்து நிமிர்கிறது. எத்தனையோ ஆண்டுகள், எத்தனையோ இலட்சம் முறை!

வண்டியை இளைஞரின் கராஜுக்கே கொண்டுசென்றோம். தொடுமுனைகள் நன்கு மூடியிருக்கும் நிலையில் எஞ்சினை நிறுத்தி, கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குச் செல்லும் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே 12 வோல்ட் சிறு விளக்கொன்றைப் பொருத்தினோம். சாவியைத் திருப்பினாலும் அவ்விளக்கு எரியக்கூடாது. மின்சாரம் மூடிய முனைகளின் வழியே போய்விடும். இளைஞர் அம்மெல்லிய குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார், தகடு திரும்பியது. விட்டார், மீண்டது. மூன்று முறை விளக்கு எரியவில்லை. நான்காம் முறை விட்டபோது, முனைகள் மூடியிருக்கவே, விளக்குப் பளிச்சென்று எரிந்தது. கம்பியைக் கழற்றி வளைத்துப் பார்த்தோம். மேலுறை முழுமையாயிருந்தது, உள்ளே இழைகள் அற்றிருந்தன.

அப்படியானால் முன்னைய திருத்தங்கள் சில நாளாவது பலித்தது ஏன்? கொண்டென்சரை மாற்றியபோது கை அக்கம்பியிற் பட்டது. கொயிலை மாற்றியபோது அதனோடு இணைந்த கம்பி இழுபட்டது. அற்ற இழைகள் தற்செயலாக ஒன்றையொன்று தொட்டன. பம்பைத் திருத்தியபின் ஓடியதோ, அன்றைய வண்டி தானாகவே ஓடியதன்றி வேறன்று. இடைவிட்டு வரும் நோயின் வஞ்சகம் இதுவே: எந்த மருந்தைக் கொடுத்தாலும் சில நாள் குணமானதுபோற் காட்டும். இளைஞர் ஏமாற்றியவரல்லர், அவரும் ஏமாற்றப்பட்டவரே.

நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "தம்பி, உம்மைப் பற்றித் தவறாகப் பேசிவிட்டேன், மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டாம்" என்றார். இளைஞர் சிரித்து, "நானும் பார்த்துத்தான் மாற்றியிருக்கவேண்டும், ஐயா" என்று கூறி, புதுக் கம்பிக்கு உரிய சிறு தொகையை மாத்திரமே பெற்றுக்கொண்டார்.

பழுதைத் தேடுகையில் ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரமே மாற்றுங்கள். மாற்றுமுன் எழுதுங்கள், எழுதுமுன் கவனியுங்கள். எஞ்சின் ஓடாதிருக்கையிற் சாவியை நெடுநேரம் திருப்பி வைக்காதீர்கள். கொயில் சூடேறிக் கெடும். பெற்றோல் சிந்திய இடத்திற் பொறியைச் சோதிக்காதீர்கள்.

வண்டி விற்கப்படவில்லை. இப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அது கொட்டாஞ்சேனைக்குப் போய்வருகிறது. பேரனின் மடியில் அந்தக் குறிப்புப் புத்தகம் இருக்கும். அதன் பிற்பகுதிப் பக்கங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.