மந்தைவெளி உணர்த்தும் பாடம்
(ஆலயத் திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோவர்த்தன மலைக்கே பூசை செய்யுமாறு கண்ணபிரான் ஆயர்களுக்கு உரைத்தார். ஆநிரைகளுக்குப் புல்லும் நீரும் வழங்கியது அம்மலையே. ஒருவருக்கும் தனியுடைமை ஆகாத அத்தகைய மேய்ச்சல் நிலத்தை மக்கள் எவ்வாறு காத்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

இராசராச சோழன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், வரி நீக்கப்பெற்ற நிலங்களுள் குளம், சுடுகாடு முதலியவற்றோடு 'கன்றுமேய்பாழ்' என்பதையும் குறிக்கின்றன. ஊர்ப்பொதுவைக் காப்போர்க்கும் விதிகள் இருந்தன. ஏரிக்கும் தோட்டத்திற்கும் குடவோலை முறையில் ஓராண்டு வாரியங்கள் அமைந்ததையும், கணக்குக் காட்டத் தவறியவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் வாரியத்தில் அமர இயலாமற் போனதையும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறுகின்றன.

ஆங்கிலேயர் ஆட்சியில் மந்தைவெளி 'மேய்க்கால் புறம்போக்கு' எனப் பதிவேட்டில் ஏறியது. நிலம் ஊரிலேயே இருந்தது; அதிகாரமோ அலுவலகத்திற்குச் சென்றது. காலப்போக்கில் ஆக்கிரமிப்புகள் பெருகின. அவற்றை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளையிட நேர்ந்தது.

பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களிலும் இதே கதைதான். லயத்து மக்களின் பசுக்கள் பால்மரங்களுக்கிடையே மேய்ந்தன. பாலும் எருவும் குடும்ப வருவாய்க்குத் துணையாயின. ஆயினும் அவ்வுரிமை துரையின் வாய்ச்சொல்லில் நின்றது. தோட்டத் துண்டாடலும் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது, நிலத்தோடு அச்சொல்லும் மறைந்தது. தோட்டக் கோயில்கள் பலவும் பட்டாவின்றித் தவித்தன. துண்டாடலுக்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. அங்கே வாய்ச்சொல் பத்திரமாயிற்று.

பொதுவுடைமை அழிந்தே தீரும் என்னும் கருத்தை மறுத்தவர் எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். சுவிட்சர்லாந்தின் தோர்பெல் என்னும் மலையூரை அவர் எடுத்துக்காட்டினார். குளிர்காலத்தில் தம்மால் தீனியிட்டுக் காக்கக்கூடிய பசுக்களுக்கு மேல் ஒன்றைக்கூட எவரும் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாகாது என்பது அங்கு 1517ஆம் ஆண்டின் விதி. விதி வகுத்தோரும் கண்காணித்தோரும் அவ்வூராரே.

அன்பர்களே! ஆலயமும் ஒரு மந்தைவெளியே. அனைவர்க்கும் உரியது, ஆதலின் எவரும் கவனியாது விடக்கூடியது. பட்டா எவர் பெயரில் உள்ளது, கணக்கு எங்கே உள்ளது, அடுத்த தலைமுறையில் அதனை அறிந்தவர் யார் என்று ஆண்டுக் கூட்டத்தில் வினவுவதும் வழிபாடே ஆகும். வாய்ச்சொல்லால் வந்தது வாய்ச்சொல்லோடு போய்விடும். எழுத்தும் ஒற்றுமையும் காத்ததே நிலைக்கும்.

இறையருள் துணை நிற்பதாக!