இருவாட்சிக்கு ஒரு பொந்து



சூழலியல் என்னும் சாஸ்திரத்துக்கு முகவுரை கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு முந்திய இவ்வேளையில் இலக்கண விளக்கம் தொடங்கினால் சபை கலைந்துவிடும் என்று அறிவேன். ஆகையால் இருவாட்சிப் பறவையின் சரித்திரத்தைச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரை விட்டு மறைந்துபோன அப்பறவை, 1994ஆம் ஆண்டு உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. அது மறைந்த காரணத்தை, காடு அழிந்தது, பறவை போயிற்று என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடலாம். 1819 முதல் நம் வனங்களில் 95 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டன என்றும், நிலப்பரப்பில் 0.25 விழுக்காடே ஆன காப்புக்காடுகளுக்குள் எஞ்சிய பூர்வீக உயிரினங்களில் பாதிக்கு மேல் ஒண்டுக்குடித்தனம் செய்கின்றன என்றும் 2003இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு கூறிற்று. ஆயினும் சாஸ்திரம் அவ்வளவில் திருப்தியுறாது. காட்டில் குறிப்பாக எது இல்லாமற் போயிற்று என்று துருவிக் கேட்கும்.

இருவாட்சிக்கு மரத்தைக் குடையத் தெரியாது. முதிர்ந்த மரத்தில் கிளை முறிந்து, முறிந்த இடம் உளுத்து, காலத்தால் பொந்தானால்தான் அதற்கு வீடு. பெண்பறவை உள்ளே புகுந்து, சேற்றையும் எச்சத்தையும் குழைத்து வாயிலைப் பூசி அடைத்துவிட, அலகு நுழையுமளவு விட்ட பிளவின் வழியே ஆண்பறவை வாரக்கணக்காக அத்திப் பழமும் பூச்சியும் பல்லியும் கொண்டுவந்து ஊட்டுகிறது. தின்ற பழத்தின் விதைகளைத் தூரத்தில் உமிழ்ந்து மீண்டும் மரத்தை விதைப்பதும் அதுவே. கிழமரம் போயின், இந்தச் சம்பந்தம் முழுவதும் அறுந்துபோம்.

இவ்வுண்மையை உணர்ந்தே 2004 முதல் செயற்கைக் கூடுகளைப் பொருத்தினார்கள். வீட்டுப் பற்றாக்குறை இன்னதென்று அறிந்த ஊரல்லவா இது! இன்று சாங்கியில் இருவாட்சியைக் காண்பது அதிசயமில்லை. ஆனால் பெட்டி மாட்டினால் எல்லா உயிரும் திரும்பும் என்று மயங்கலாகாது. அடர்காட்டின் நிழலையும் ஈரத்தையும் எந்தத் தச்சராலும் செய்து தர இயலாது. வருஷந்தோறும் கன்று நட்டுப் படமெடுத்துக் கொள்வது மட்டும் போதும் என்பாரோடு நான் உடன்படேன். பொந்து விழ அக்கன்றுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும்; அதுவரை, நிற்கிற கிழமரங்களை விட்டுவைக்க வேண்டும்.

கிழமரமோ பட்டமரமோ ஆள்மேல் விழும் அபாயம் பொய்யன்று. நடைபாதையோரத்தில் வெட்டத்தான் வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் நிற்பதை, அழகாயில்லை என்பதற்காக வெட்டச் சொல்லி மனுக் கொடுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.