பாட்டும் கையெழுத்தும்



பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு நட்ட நம் பாட்டிமார்களின் பாட்டுக்குப் பட்டா இல்லை. வில்லியனூர்ப் பக்கத்துச் சேரிகளில் ஒப்பாரி வைத்தவர்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நிலமற்றவர்களாக வைக்கப்பட்ட நாம், பாட்டிலும் கூலிகளாகவே இருக்கப் போகிறோமா? இந்த நினைவு நாளில் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வெளிவந்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு அதை எழுதினார். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் முகம் இல்லை. அடுத்த ஆண்டு, எழுதி மெட்டமைத்துப் பாடியது தானே என்றார் அறிவு. அது கூட்டுப் படைப்பு என்றார் சந்தோஷ் நாராயணன். அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு பைசாவும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சொன்னவரும் அவரே. உலகமே கேட்ட பாட்டுக்கு இந்த நிலை என்றால், செல்போனில் பதிந்து கம்பெனிக்கு அனுப்பும் நம் பிள்ளைகளின் டெமோவுக்கு என்ன காவல்?

காவல் சட்டத்தில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டை எழுதியதுமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கில் சாட்சியாக நிற்கும். எழுத்தில், கையெழுத்தோடு கொடுத்தால்தான் உரிமை கைமாறும். காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டெழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டியில் தமக்குள்ள சமபங்கைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது.

ஓர் ஓட்டையும் உண்டு. ஊரே பாடிவந்த பழம்பாட்டுக்குச் சட்டத்தில் தனி ஆசிரியர் இல்லை. ஆனால் அதைப் பொறுப்பேற்றுப் பதிவு செய்பவருக்கு அந்த ஒலிப்பதிவு சொந்தமாகிவிடும். மைக்கோடு வந்தவர் உரிமையாளர், பாடிய ஆயா வெறும் குரல். அந்தக் குரலுக்கும் 50 ஆண்டு நிகழ்த்துநர் உரிமை உண்டு என்பதை ஆயாவிடம் யாரும் சொல்வதில்லை. ஆகவே நம் ஆயாக்களின் பாட்டை நாமே பதிவோம். பெயர், ஊர், தேதியோடு பதிவோம்.

டெமோ அனுப்புமுன் எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பறை அடித்தவர் யார் யார், யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுவோம். மூலப் பதிவைப் பத்திரப்படுத்துவோம். மின்னஞ்சலில் அனுப்பினால் தேதி நிற்கும். 'எல்லா உரிமையும், எல்லா நாட்டிலும், என்றென்றைக்கும்' என்ற வரியைக் கண்டால் பேனாவை மூடுவோம். அன்றைக்கே கையெழுத்துக் கேட்பவரிடம் ஒரு வாரம் கேட்போம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பட்டியல் சாதியினருக்கு இலவசச் சட்ட உதவி தருகிறது. அது சலுகை அல்ல, உரிமை.

கைநாட்டு வாங்கி நம் நிலத்தைப் பறித்தார்கள். இனி படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் நாம் கையெழுத்திட மாட்டோம்.

ஜெய் பீம்.